கோலமும் குதிரைப் பாய்ச்சலும்

இம்மலரின் பக்கங்களை அச்சுக்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்த நாளில், கட்டுரை ஒன்று பக்கத்தின் நடுவிலேயே முடிந்துவிட, கீழ்ப்பாதி வெறுமையாக நின்றது. முன்னாளில் இத்தகைய வெற்றிடங்களைக் குறள் ஒன்றாலோ, குத்துவிளக்குப் படத்தாலோ, அன்பர் ஒருவரின் கடை விளம்பரத்தாலோ நிரப்புவது வழக்கம். இம்முறை பக்க அமைப்பைப் பார்த்துக்கொண்டவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்து பொறியியல் பயில்பவர். “படம் தேட வேண்டாம் ஐயா. பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் பக்கம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும்” என்றார், சொன்னவாறே செய்தும் காட்டினார். ஒரே கோடு, எவ்விடத்தும் தன்னை வெட்டாமல், மடங்கி மடங்கிச் சென்று, அவ்வெற்றிடத்தின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து வெளிவந்து நின்றது.

அருகே அமர்ந்து உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அதனைப் பார்த்தார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1967இல் மணமகளாக மைசூருக்கு வந்தவர் அவர். “கோலமா அம்மாடி? நன்றாகத்தான் இருக்கிறது. புள்ளி எங்கே?” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் நிற்கிறதே, சேரவே இல்லையே” என்றும் சொன்னார். “இது கோலம் இல்லை பாட்டி, கணக்கு” என்று மாணவி நகைத்தார். மூதாட்டியார் நகைக்கவில்லை. “கோலமும் கணக்குத்தானே?” என்று கேட்டுவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை முழுதும் அவ்வுரையாடல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழியாரிடையே வாழும் நம்மனோர்க்கு அது ஒரு பழைய வினாவைப் புதுப்பித்தது. நாம் நம் மக்களுக்குக் கையளிப்பது வடிவத்தையா, அவ்வடிவத்தைப் பிறப்பிக்கும் விதியையா? இரண்டும் ஒன்றே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒன்றல்ல என்பதை அந்தப் பாதிப் பக்கமே நமக்குக் காட்டியது.

மாணவி வரைந்த கோட்டின் வரலாறு சுவையானது. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்பது பள்ளியில் நாம் கற்ற பாடம். அகலமே இல்லாத அக்கோடு, ஒரு சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுச் செல்லுமாறு அமைக்க இயலும் என்று 1890இல் இத்தாலியக் கணித அறிஞர் பியானோ நிறுவினார். அவர் கட்டுரையில் படம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே செருமானிய அறிஞர் ஹில்பர்ட், அதனினும் எளிய வேறொரு கோட்டைப் படத்துடன் வெளியிட்டார். மாணவி வரைந்தது இந்த ஹில்பர்ட் கோடே. அதன் அமைப்பை நம் வீட்டுச் சிறுவரும் தாளில் வரைந்து பார்க்கலாம். ஒரு சதுரத்தை நான்கு அறைகளாகப் பகுத்து, அவற்றின் நடுவிடங்களை மூன்று கோல்களால் இணைத்தால் நம் ‘ப’ எழுத்து வரும். இது முதற்படி. அடுத்து ஒவ்வோர் அறையையும் மீண்டும் நான்காக்கி, அறைக்கொரு சிறிய ‘ப’ இடுக. கீழ் அறைகள் இரண்டிலும் ‘ப’ நேராக நிற்கும். மேல் அறைகள் இரண்டிலும் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். நான்கையும் மூன்று சிறு கோல்களால் இணைத்தால் 16 அறைகளையும் 15 கோல்களால் தொட்டுச் செல்லும் ஒரே கோடு கிடைக்கும். மூன்றாம் படியில் 64 அறைகள், 63 கோல்கள். ஐந்தாம் படியில் 1024 அறைகள், 1023 கோல்கள். விதி மட்டும் மாறுவதேயில்லை: பெரியதைச் செய்ய வேண்டுமானால் சிறியதை நான்கு முறை செய்க; சிறியதைச் செய்ய வேண்டுமானால் அதனினும் சிறியதை நான்கு முறை செய்க.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சதுரத்தை உண்மையாகவே நிரப்பும் கோடு, படிகள் முடிவின்றிச் செல்லும்போதுதான் பிறக்கிறது. மையாலோ மாவாலோ வரையப்பட்ட எந்தக் கோடும் சதுரத்தை நிரப்பியதில்லை. நிரப்பும் வழியில் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்ட கோடுகளையே நாம் காண்கிறோம். பியானோ தம் கண்டுபிடிப்பின்மீது கொண்ட பற்றினால், அதன் ஒரு படியைத் தம் வீட்டு மேல்தளத்தில் வெள்ளை ஓடுகளிடையே கறுப்பு ஓடுகளால் பதிப்பித்து வைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முடிவிலியைக் கண்ட அறிஞருக்கும் வீட்டுத் தரையில் இட ஒரு வடிவம் வேண்டியிருந்தது. நம் வீட்டு மகளிர் இச்செய்தி கேட்டு வியப்படைய மாட்டார்கள் என்று எண்ணுகிறோம்.

மாணவி எழுதிய வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மொழியில் அமைந்தவை. அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளைக் கண்டு, எழுத்தழகு குன்றியிருந்ததால் மனம் வெதும்பி, தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையைப் படைக்கத் துணிந்தார். 1978இல் அதன் முதல் வடிவம் உருவாயிற்று. பெயரும் கிரேக்கச் சொல் ஒன்றன் அடியாகப் பிறந்தது. அச்சொல்லுக்குக் கலை என்றும் தொழில்நுட்பம் என்றும் இரு பொருள் உண்டு. இம்மொழியின் உயிர்நிலை ‘மேக்ரோ’ எனப்படும் குறுக்கப் பெயர். நம் கிரயப் பத்திரங்களில் ‘மேற்படி’ என்று ஒரு சொல் வருகிறதன்றோ? ‘மேற்படி சொத்து’ என்றால் முன்னர் நான்கு எல்லையும் சொல்லி விவரித்த சொத்து முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடும். மேக்ரோவும் அத்தகையதே. ஒரு பெயரைச் சொன்னால், அதற்குரிய வரிகள் அனைத்தும் அவ்விடத்தில் வந்து நிற்கும். அவ்வரிகளுக்குள் அப்பெயரே மீண்டும் வந்தால் என் செய்வது? பத்திர எழுத்தர் அஞ்சுவார். டெக் அஞ்சுவதில்லை, மீண்டும் விரிக்கிறது. தன்னைத்தானே அழைக்கும் இப்பெயர்களால்தான் மாணவியின் பத்துப் பன்னிரண்டு வரிகள் ஆயிரம் கோல்களை வரைந்தன. டெக் தன் இயல்பில் படுகோட்டையும் நெடுங்கோட்டையும் மட்டுமே இட வல்லது. சாய்கோடு அதற்கு இயல்பாக வாராது. ஹில்பர்ட் கோட்டுக்கோ அவ்விரண்டே போதும். எழுத்துக் கோக்கும் கருவியும் இடம் நிரப்பும் கோடும் இவ்வளவு பொருத்தமாகச் சந்தித்தது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆயின் இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டிய ஒன்று இருக்கிறது. தன்னைத்தான் அழைக்கும் விதி எங்கே நிற்பது? நான்கு செய்க, அவற்றுள் நான்கு செய்க என்னும் கட்டளைக்குள் ‘போதும்’ என்னும் சொல் இல்லை. மாணவி ஒருமுறை அச்சொல்லைச் சேர்க்க மறந்தாராம். டெக் விரித்துக்கொண்டே சென்று, நினைவிடம் தீர்ந்தபின், தன் கொள்ளளவு மீறிவிட்டது என்று அறிவித்து, அதனோடு வருத்தமும் தெரிவித்து நின்றுவிட்டதாம். பொறி வருத்தம் தெரிவிப்பதும் ஓர் அழகே. ஆகவே எத்தனை படி என்னும் எண்ணை விதிக்குப் புறத்தேயிருந்து கொடுக்க வேண்டும். பக்கத்தின் அளவைப் பார்த்து, கோலின் பருமனைப் பார்த்து, கண் தாங்குமா என்று பார்த்து, ஆள் ஒருவர் கொடுக்க வேண்டும். விதி உலகம் முழுவதற்கும் ஒன்றே. எண் அந்தந்தப் பக்கத்துக்கு உரியது.

இனி மூதாட்டியாரின் வினாவுக்கு வருவோம். புள்ளி எங்கே, கோடு ஏன் சேரவில்லை என்று அவர் கேட்டது குறை கூறுவதற்காக அன்று; இலக்கணத்தை நினைவூட்டுவதற்காக. சிக்குக் கோலத்தில் முதலில் புள்ளிகள் நிற்கும். கோடு அவற்றைத் தொடாமல் ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். இவ்விலக்கணத்தை ஆய்வுலகம் அறிந்த கதையில் நம்மவர் பெயர்களே முன்னிற்கின்றன. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறையில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் இராணி சிரோமணி, அவர்களுடன் ஆய்ந்த கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கணங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எண்களையும் குறிகளையும் வரிசை வரிசையாக நிறுத்தும் கட்டத்தைக் கணிதத் தமிழில் ‘அணி’ என்பர். எனவே அவர்கள் கையாண்ட இலக்கணத்தை ‘அணியிலக்கணம்’ என்று மொழிபெயர்த்தால், தண்டியலங்காரம் பயின்றோர் புன்னகை செய்வர். உயிரியல் அறிஞர் லிண்டன்மேயர் 1968இல் சிற்றுயிர்களின் வளர்ச்சியை விளக்க அமைத்த விதிகளும் பின்னர்க் கோலத்துக்குப் பொருந்தி வந்தன. பாசியின் வளர்ச்சியும் வாசற்கோலத்தின் வளர்ச்சியும் ஒருவகை விதிக்குள் அடங்கியது எண்ணி மகிழத்தக்கது.

அவ்வாய்வுகளில் பெரிதும் பேசப்படும் கோலம் ஒன்று உண்டு. கண்ணனின் கால்தண்டை எனப் பொருள்படும் பெயரால் அதனைக் குறிப்பர். ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு வளையம்: இது முதற்படி. அவ்வளையம் நடுவில் நிற்க, நான்கு திசையிலும் நான்கு வளையங்கள் அதனைத் தொட்டுக்கொண்டு நின்றால் இரண்டாம் படி; வளையங்கள் 5. இந்த ஐந்தின் தொகுதியை நான்கு திசையிலும் நிறுத்தி, நடுவில் ஒரு வளையத்தால் அவற்றை இணைத்தால் மூன்றாம் படி, வளையங்கள் 21. நான்காம் படியில் 85. ஒவ்வொரு முறையும் முன்னதைப்போல் நான்கும், நடுவே இணைப்புக்கு ஒன்றும். அகலமோ 1, 3, 7, 15 வளையம் என்று வளரும். இத்தனையும் பல வளையங்கள் போலத் தோன்றினும் கையை எடுக்காமல் வரையத்தக்க ஒரே கோடு. புறப்பட்ட இடத்திலேயே முடிவது.

இக்கோலத்தின் பண்பு ஒன்றை நாம் இதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை. அதனைச் சிறிதாக்கலாம்; சிறிதாக்கினாலும் சிதைவதில்லை. ஊரில் பத்தடி அகல வாசலில் 85 வளையம் இட்டவர், இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழியில், இரண்டடிச் சதுரத்தில், ஐந்து வளையம் இட்டாலும் அது துண்டிக்கப்பட்ட கோலம் ஆகாது. அதே கோலத்தின் இரண்டாம் படி அது. கோடு அங்கும் முழுமையாகச் சேர்கிறது. பிள்ளை பெரியவளாகிப் பெரிய வாசல் வாய்த்தால், அந்த ஐந்திலிருந்தே இருபத்தொன்றுக்குச் செல்லலாம். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரிய மயில் கோலத்தை இடமின்மையால் பாதியில் வெட்டி இட்டால் அவ்வாறு சொல்ல முடியுமா? கழுத்தில்லாத மயிலிலிருந்து கழுத்தை யார் ஊகிப்பர்?

அவ்வாறாயின், எல்லாவற்றையும் விதியாக்கிச் சிறிய படியில் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்ததோ? முடியாது என்பதற்குச் சான்று இந்நகரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868), ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் 1831இல் எடுத்துக்கொண்ட பின்னர்க் கலைகளிலும் ஆட்டக் கலைகளிலும் தம் காலத்தைப் பெரிதும் செலுத்தியவர். இன்று நாம் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும் ஜகன்மோகன அரண்மனை அவர் 1861இல் எழுப்பியது. சதுரங்கக் குதிரை தன் பாய்ச்சல் ஒன்றினாலேயே பலகையின் எல்லா அறைகளையும் ஒவ்வொரு முறை மட்டும் மிதித்துவரச் செய்யும் வழிகளைக் கண்டதில் அவர் பெயர் உலகப் புகழ் பெற்றது. 12க்கு 12 என்னும் பலகையில் அவருடையதாக அறியப்படும் வழி ஒன்றில், மிதித்த வரிசைப்படி 1 முதல் 144 வரை எண்களை இட்டால், எந்த வரிசையைக் கூட்டினும், நெடுக்கையைக் கூட்டினும், இரு மூலைவிட்டங்களைக் கூட்டினும் 870 வரும். 8க்கு 8 பலகையில் மூலைவிட்டமும் சேரும் இத்தகைய வழி கிடையாது என்பதைக் கணிப்பொறி கொண்டு முற்றத் தேடி 2003இல்தான் முடிவு செய்தனர்.

இந்தக் குதிரை தமிழ் நாட்டிலிருந்தும் இங்கு வந்ததுண்டு. காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் இயற்றிய வடமொழி நூலான பாதுகா சகஸ்ரத்தில், 32 எழுத்துகள் கொண்ட ஒரு செய்யுளை எட்டெட்டாக நான்கு வரிசையில் எழுதிக் குதிரைப் பாய்ச்சலில் படித்தால் மற்றொரு செய்யுள் கிடைக்கும். நம் கோமூத்திரி, நாகபந்தம், சுழிகுளம் போன்ற சித்திரகவிகளுக்கு அது உறவு. 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, தேசிகர் சுவடிகளைக் காத்துக்கொண்டு மைசூருக்குக் கிழக்கே கொள்ளேகால் வட்டத்திலுள்ள சத்தியகாலத்தில் வந்து தங்கினார் என்பது வைணவ மரபு. நம்மைப் போலவே காவிரியை எதிர்நோக்கி மேலேறி வந்தவர் என்று நாம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி ஹில்பர்ட் கோடும் 64 அறைகளை ஒவ்வொரு முறை தொடுகிறது. குதிரையும் 64 அறைகளை ஒவ்வொரு முறை மிதிக்கிறது. புறத்தே நோக்கின் இரண்டும் ஒன்றே. அகத்தே நோக்கின் முற்றிலும் வேறு. கோட்டை நான்கு அறைக்குச் சுருக்கலாம். குதிரையை 4க்கு 4 பலகைக்குச் சுருக்கினால் வழியே இல்லாது போகிறது. பதினாறு அறைகளில் எங்கே தொடங்கினும் எல்லா அறைகளையும் மிதித்து முடிக்க இயலாது. முழுப்பலகை வேண்டும், இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆக மரபுச் செல்வங்களும் இருவகை என்று நமக்குத் தோன்றுகிறது. சிறிய படியிலும் முழுமையாக நிற்பவை சில. முழுமையாகக் கற்றாலன்றிச் சிறிதும் நில்லாதவை சில. குடிபெயர்ந்தோர் பெரிதும் தவறுவது இவ்விரண்டையும் மாற்றி எண்ணுவதில்தான். சுருக்கத்தக்கதைச் சுருக்க மனமின்றி, ‘ஊரில் செய்ததுபோல் செய்ய முடியாவிட்டால் வேண்டாம்’ என்று அடியோடு கைவிடுகிறோம். சுருக்கக்கூடாததைச் சுருக்கி, ‘இவ்வளவாவது தெரிகிறதே’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

நம் மொழி இவ்விரண்டில் எவ்வகையைச் சாரும்? நெடுநாள் எண்ணியும் ஒரே விடை கிடைக்கவில்லை. பேச்சுத் தமிழ் கோல வகையைச் சார்ந்தது என்று துணிந்து சொல்லலாம். ‘மழை வரும் என்று பாட்டி சொன்னாள்’ என்று சொல்லத் தெரிந்த குழந்தை, ‘மழை வரும் என்று பாட்டி சொன்னாள் என்று அம்மா சிரித்தாள்’ என்றும் சொல்லிவிடும்; ‘என்று’ என்னும் ஒரு சொல் வாக்கியத்தை வாக்கியத்துக்குள் வைத்து வளர்த்துக்கொண்டே செல்லும். வீட்டில் பேசும் சிறிய தமிழ் குறைத்தமிழ் அன்று, முதற்படித் தமிழ். கன்னடச் சொற்கள் அதில் கலந்திருப்பதாலும் நமக்கு வருத்தமில்லை. இந்நகரத் தெருக்களில் கன்னட மகளிர் இடும் ‘சுக்கி ரங்கோலி’யும் புள்ளி வைத்தே தொடங்குகிறது, அண்டை வீட்டுக் கோலம் எது, நம் வீட்டுக் கோலம் எது என்று காலையில் நடப்போர்க்குத் தெரிவதில்லை.

எழுத்தின் நிலை வேறு. இதனை நமக்கு உணர்த்தியது அம்மூதாட்டியாரின் கோல நோட்டு. மணமாகி வரும்போது கொண்டுவந்த அந்நோட்டில் ஒவ்வொரு கோலத்தின் தலையிலும் ஒரு குறிப்பு இருக்கும். ‘15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி’ என்பது அவற்றுள் ஒன்று. இதனினும் சிறந்த மேக்ரோவை எவரும் எழுதியதில்லை. நடு வரிசையில் 15; மேலும் கீழும் இரண்டு புள்ளிகளின் இடுக்கில் ஒன்றாக வைத்துக்கொண்டு போனால் வரிசைக்கு ஒன்று குறைந்து எட்டில் முடியும். மொத்தம் 169 புள்ளிகள். அவருடைய பத்து வயதுப் பேத்தி, கன்னடமும் ஆங்கிலமும் நன்கு படிப்பவள், தமிழில் சரளமாகப் பேசுபவள், கடந்த பொங்கலுக்கு முன் அந்நோட்டைத் திறந்து தானே புள்ளி வைக்க முனைந்தாள். எண்கள் புரிந்தன. நேர்ப்புள்ளியாக, முனைக்கு ஒன்று குறைத்து, 15, 13, 11, 9, 7 என்று வைத்துவிட்டு, “பாட்டி, எட்டு வரவே மாட்டேன் என்கிறதே” என்று வந்து நின்றாள். ‘இடுக்குப் புள்ளி’ என்னும் சொல்லை அவளால் படிக்க முடியவில்லை. நாம் நடத்தும் ஞாயிறு வகுப்புக்குச் சில மாதம் வந்து நின்றுபோனவள். க, ட, ப ஆகிய எழுத்துகளை அறிவாள். ஆனால் அச்சொல்லில் வருவனவோ டு, கு, பு.

தமிழ் நெடுங்கணக்கில் 216 உயிர்மெய்கள் உள்ளன. பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் கற்றவர்க்கு அவற்றுள் பெரும்பாலானவை விதியால் கிடைக்கும். கால், கொம்பு, சுழி இவற்றைச் சேர்த்தால் போதும். உகர ஊகார வரிசை 36 எழுத்துகளுக்கு மட்டும் அவ்வாறு ஒரே குறி இல்லை. கு ஒருவிதம், டு ஒருவிதம், பு ஒருவிதம். ஈய அச்சு நாளில் அச்சுக்கோப்போர் இவற்றுக்குத் தனித்தனி அச்செழுத்து வைத்திருந்ததும் இதனால்தான். இவை குதிரைப் பாய்ச்சல்கள். ஒவ்வொன்றாகவே கற்க வேண்டும். பாதியில் விட்டால் பாதிச் சொல் படிக்க வராது, முழுச்சொல்லும் போய்விடும். ‘பேசத் தெரிந்தால் போதாதா’ என்று சங்கக் கூட்டங்களில் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். அப்போது நாம் பேச்சின் விதியை எழுத்துக்கும் பொருத்திவிட்டோம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். அச்சிறுமியின் புள்ளி தவறியது அவள் குற்றம் அன்று. ஞாயிறு வகுப்பை நடத்த ஆசிரியர் இல்லை என்று நிறுத்திய நம் குற்றம்.

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். கணிப்பொறி எந்தப் படியையும் நொடியில் வரைந்து தருகிறது. தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் சென்றால் ஒட்டுக்கோலமும் கிடைக்கிறது. பிறகு ஏன் இந்தக் கவலை என்றார். ஒட்டுக்கோலத்தை நாம் பழிப்பதில்லை. முழங்கால் வலியுள்ளோர்க்கு அது உதவி. ஆனால் அதில் எண் கொடுப்பவர் இல்லை. எவரோ ஒருவர் எங்கோ முடிவு செய்த அளவு நம் வாசலில் ஒட்டப்படுகிறது. கணிப்பொறியைப் பற்றி நம் கருத்து சிறிது வேறு. அது பிழையே செய்யாது என்பதாலேயே, பிழை எங்கே நுழையும் என்று நாம் கவனிக்க மறந்துவிடுகிறோம். டெக்கைப் படைத்த கனூத்தும் அவர் துணைவியாரும் தாளை மடித்து மடித்து விரித்தால் வரும் ‘டிராகன்’ என்னும் வளைகோட்டை ஓடுகளால் தம் வீட்டுச் சுவருக்கு அமைத்தனர். அதில் ஒரு திருப்பம் தவறாகத் திரும்பியிருப்பதை அவர் பல்லாண்டு கழித்தே கண்டார். அதனைப் பிடுங்கி எறியவில்லை. பார்க்க வருவோர்க்கு அவரே அத்தவற்றைக் காட்டுவார். கோலத்தில் ஒரு சுழி தவறினால் அடுத்த நாள் காலை வேறு கோலம் என்னும் ஆறுதல் நம் மகளிர்க்கு உண்டு. ஓட்டில் பதித்தவர்க்கு அது இல்லை.

பாதிப் பக்கத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். மூதாட்டியார் கேட்ட இரு வினாக்களையும் மாணவி மறக்கவில்லை. ஹில்பர்ட் கோட்டை நீக்கிவிட்டு, கண்ணனின் கால்தண்டைக்கு விதி எழுதிக் கொண்டுவந்தார். நான்காம் படி வைத்தால் பக்கம் கறுத்துவிடும் என்றும், இரண்டாம் படி இவ்வளவு இடத்துக்கு ஏழ்மையாக இருக்கும் என்றும் இருவரும் வாதிட்டு மூன்றாம் படியில் உடன்பட்டனர். மெய்ப்புத் தாள் வந்தது. கோடு குற்றமின்றிச் சேர்ந்திருந்தது. மூதாட்டியார் பென்சில் முனையால் புள்ளிகளை எண்ணி, “அம்மாடி, பதினாறுதான் இருக்கிறது” என்றார். பார்த்தால் உண்மை. முதற்படி வளையம் வரும் இடங்களில் மட்டும் புள்ளி இடுமாறு எழுதிய மாணவி, நடுவே நின்று இணைக்கும் வளையங்களுக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். நான்கு தொகுதிகளின் நடுவில் நான்கும், மொத்தத்தின் நடுவில் ஒன்றுமாக ஐந்து வளையங்கள் வெறுமையாக இருந்தன.

விதியில் ஒரு சொல் சேர்த்து அதனை அன்றிரவே திருத்திவிட்டனர். ஆயினும் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிய மெய்ப்புத் தாளில் அந்த ஐந்து புள்ளிகளும் சிவப்பு மையால் கையால் இடப்பட்டிருந்தன. இட்டவள் பேத்தி. ஓரத்தில், இடம் போதாமல் சற்றே சாய்ந்து, ‘புள்ளி 5’ என்றும் எழுதியிருந்தாள்.